கோவேறு கழுதையைப் பழிக்காதீர்!

கோவேறு கழுதை என்றால் பலருக்குச் சிரிப்பு. போடி மலையில் ஜீப் ஏறாத தோட்டங்களிலிருந்து காபி மூட்டைகளை அதன் முதுகில் இறக்கி வளர்ந்தவன் நான். எனக்குச் சிரிப்பு வராது.

சிறுவயதில் ஒருநாள், இறக்கத்தில் எங்கள் கழுதை சட்டென்று நின்றுவிட்டது. அடித்தும் நகரவில்லை. முன்னே போய்ப் பார்த்தால், இரவு மழையில் தடம் சரிந்து கிடந்தது. நாங்கள் பிடிவாதம் என்றோம். அது செய்ததோ எச்சரிக்கை. அன்றோடு பிரம்பை விட்டேன்.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் இப்பிராணி அநேகமாகக் குட்டி போடாது. ஒன்று போனால் இன்னொன்றை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே விவசாய நண்பர்களே, இருபுறமும் சம எடையாகப் பொதி கட்டுங்கள். இறக்கியதும் சேணத்தைக் கழற்றி முதுகைத் தடவிப் பாருங்கள். புண் இருந்தால் ஆறும்வரை பொதி ஏற்றாதீர்கள். ஒருநாள் கூலி போனால் மறுநாள் வரும். உழைத்த முதுகு போனால் வராது.