பதில் வராதவர்களின் சாட்சி



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பெங்களூர் சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் மாதா திருவிழாவுக்குக் கொடியேறி, நவநாள் செபங்கள் நடந்துகொண்டிருக்கும். காவி உடுத்திய கூட்டம் ரசல் மார்க்கெட் பக்கமெல்லாம் நிறைந்திருக்கும். செஞ்சிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நம் முன்னோர் இங்கே ஒரு கூரைக் கோயில் போட்டு, அதில் காணிக்கை மாதாவை வணங்கினார்கள். இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற ஆலயம் 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது. அடுத்த பதினாறாம் ஆண்டில், 1898-ல், பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஊரே வெளியேறியது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்தக் காலத்தில் பிறந்த குடியிருப்புகள்தாம். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் எழுந்ததும் அந்தப் பயத்தில்தான். எந்த மதமானாலும் பயந்த மனிதன் கும்பிடத்தான் போனான். பயந்ததற்காக அவன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நாம் வெட்கப்படுகிறோம். சில மாதங்களாக எனக்கு வரும் கடிதங்களில் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. கணவரைக் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு சகோதரி எழுதியிருந்தார். ஓசூரிலிருந்து விடியுமுன் பேருந்து பிடித்து வருகிறவர். “ஸ்கேன் எடுக்கும் நாளில் செபமாலையைக் கையில் பிடித்திருக்கிறேன், ஆனால் ஒரு மணி கூட நகரவில்லை. பார்க்க வந்தவர்கள், நம்பிக்கை இருந்தால் பயம் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு நம்பிக்கை இல்லையா ஐயா?” வேலை போய், வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு ஒயிட்ஃபீல்டுக்குக் கிளம்பிப்போகும் ஒரு தம்பியும் ஏறக்குறைய இதையே கேட்டிருந்தார்.

அம்மா, உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. அந்த ஆறுதல் வார்த்தைதான் தவறு. நல்ல மனதோடு சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லக்கூடாத வார்த்தை அது. ஏற்கெனவே நோயைச் சுமக்கிறவர் மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவைத்துவிடுகிறது.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே கலங்கினார். மாற்கு நற்செய்தி அதை மறைக்கவில்லை. துணைக்கு விழித்திருக்கச் சொல்லி நண்பர்களைக் கேட்டார், அவர்கள் தூங்கிப்போனார்கள். அந்தத் துன்பம் தம்மைவிட்டு விலகாதா என்று தந்தையிடம் ஒருமுறைக்கு மேல் மன்றாடினார். அதே நற்செய்தியில், பிள்ளையின் நோயோடு வந்த தகப்பன் ஒருவர், நம்புகிறேன் என்று சொன்ன வாயாலேயே தன் நம்பிக்கைக் குறைவுக்கும் உதவி கேட்கிறார். முதலில் நம்பிக்கையைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை குணமானான்.

திருப்பாடல்களில் 88-ஆம் பாடலைத் தனியாக எடுத்து ஒருநாள் வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் அழுகையில் தொடங்கி நன்றியில் முடியும். இது இருளிலேயே தொடங்கி, இருளிலேயே நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட ஒன்றை விவிலியத்திலிருந்து நீக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதுமட்டுமா? வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்தில் உலகெங்கும் குருக்களும் கன்னியரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப்போகிறார்கள். அந்தப் பாடலைப் பாடியவரும் கடவுளோடு பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. குறை சொல்வதும் அவரிடம்தான், கோபப்படுவதும் அவரிடம்தான்.

செப்டம்பர் 5 அன்னை தெரேசாவின் நினைவு நாள். 1997-ல் அவர் இறந்தபோது, அவருக்குள் என்ன இருந்தது என்று அவருடைய சகோதரிகளுக்கே தெரியாது. 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் அவருக்கு இரண்டாவது அழைப்பு வந்தது. ஏழைகளிடம் போகும்படி இயேசு தம்மோடு பேசியதாக உணர்ந்தார். அவ்வளவு நெருக்கம். ஆனால் கொல்கத்தாச் சேரிகளில் பணி தொடங்கிய கையோடு அந்தக் குரல் நின்றுபோனது. செபத்தில் வெறுமை. கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி. 1958-ல் சில வாரங்கள் மட்டும் அந்த இருள் விலகியது. பிறகு மறுபடியும் சூழ்ந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இப்படியே. பேராயர் பெரியே, அருள்பணி பிக்காச்சி போன்ற சிலருக்கு மட்டும் எழுதினார், அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். அவர்கள் அழிக்கவில்லை. 2007-ல் அவை நூலாக வந்தபோது உலகமே திகைத்தது. அன்னைக்கு நம்பிக்கையே இருக்கவில்லை என்று எழுதியவர்களும் உண்டு.

நான் அப்படி வாசிக்கவில்லை. அந்த ஐம்பது ஆண்டுகளும் அவர் விடியுமுன் எழுந்தார், திருப்பலிக்குப் போனார், புழு அரித்த உடம்புகளைக் கழுவினார். எதையும் உணராமலேயே செய்தார். உணர்வு இருக்கும்போது நம்புவது எளிது. அது வற்றிய பிறகும் தினமும் அதே கதவைத் தட்டியவரைவிடப் பெரிய விசுவாசியை எனக்குத் தெரியாது. 1961-ல், புனேயில் இறையியல் கற்பித்த இயேசு சபைக் குரு யோசேப்பு நாய்னரிடம் அவர் மனம் திறந்தார். நாய்னர் அவரைத் திட்டவில்லை, இன்னும் அதிகமாகச் செபம் செய் என்றும் சொல்லவில்லை. கடவுளுக்காக நீங்கள் இப்படி ஏங்குகிறீர்களே, அவர் உங்களுக்குள் இருப்பதற்கு அந்த ஏக்கமே அடையாளம் என்று விளக்கினார். இருள் அதனால் போய்விடவில்லை. ஆனால் அதைச் சுமக்க அன்னைக்குத் தெம்பு வந்தது. ஒரு மனிதர் காதுகொடுத்துக் கேட்டதால் வந்த தெம்பு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அதற்கு ஆன்மிக விளக்கம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நம் ஊரில்தான் இருக்கிறது. மருத்துவரிடம் போவது அவநம்பிக்கை ஆகாது. வீட்டில் ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நம் கூட்டங்களில் சாட்சி சொல்ல அழைக்கும்போது யார் எழுந்து வருகிறார்கள்? கட்டி கரைந்தவர், விசா கிடைத்தவர், குழந்தை பிறந்தவர். அவர்களோடு நாமும் மகிழ்கிறோம், மகிழத்தான் வேண்டும். ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓசூர் சகோதரிக்கு மைக் எப்போது வரும்? கேட்டது கிடைத்தவருக்கு மட்டுமே பேச்சுரிமை என்று நாமாகவே ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். நம் இதழின் சாட்சிப் பக்கமும் இதுவரை அப்படித்தான் இருந்தது.

அடுத்த இதழிலிருந்து அந்தப் பக்கத்தில் பாதி, இன்னும் பதில் கிடைக்காதவர்களுக்கு. என்ன கேட்டீர்கள், எவ்வளவு நாளாகக் கேட்கிறீர்கள், எந்த நேரத்தில் பயம் வருகிறது, அப்போது என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். முடிவில் ஒரு நல்ல வார்த்தை சேர்க்கவேண்டுமே என்று கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள், நாங்களும் சேர்க்கமாட்டோம். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். எழுதத் தெரியாத பெரியவர்களுக்காகப் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதி அனுப்பலாம். மாதத்தின் முதல் வெள்ளி மாலை அந்தக் கடிதங்களை எடுத்துவைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிச் செபிக்க அலுவலகத்தில் முடிவு செய்திருக்கிறோம். சிவாஜிநகர்ப் பக்கம் வருகிறவர்கள் நேரிலும் வந்து எங்களோடு உட்காரலாம்.

அன்புடன்,
ஆசிரியர்