கைக்கருவியின் கோப்பும் நமது பேரேடும்

கையடக்கக் கருவியை நீட்டினால் மூட்டைகளில் கட்டிய ரேடியோ வில்லைகளை அதுவே எண்ணிவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வது உண்மைதான். எண்ணிய கணக்கு எங்கே போகிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி மண்டியில் அமர்ந்திருப்பவருக்கு இணையம் உண்டு. கல்வராயன் மலையில் புளியும் கடுக்காயும் கொள்முதல் செய்பவருக்குப் பல இடங்களில் சிக்னலே கிடையாது. ஆகவே கணக்கு முழுவதும் கருவிக்குள் ஒரு கோப்பாகத்தான் மலையிறங்குகிறது. அது அழிந்தால் அன்றைய சிட்டையே போனதற்குச் சமம். கணினிக்கு மாற்றி, மூட்டை எண்ணிக்கையோடு ஒத்துப்பார்க்கும் வரை கருவியில் கை வைக்கலாகாது.

ஒரே வில்லையைக் கருவி நொடிக்குப் பலமுறை படிக்கும். 40 மூட்டை 400 வரியாக நிற்கலாம். புளி போன்ற ஈரப்பதமுள்ள சரக்கில் சில வில்லைகள் விட்டும் போகும். மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு நகலில்தான் திருத்த வேண்டும். எக்செல்லில் நேரே திறந்தாலோ, எண்ணின் முன்னுள்ள சுழியத்தை அது விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்டதைச் சுழியமாக்கிவிடும். நம் கணக்குப்பிள்ளைகள் செய்யாத தவறு இது! அந்தப் பத்தியை 'எழுத்து' என்று குறித்த பிறகே திறக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகள் நம்மிடம் இருக்க வேண்டும். விற்பவரின் மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்பு அதுவரை உதவுமா? சாதாரண எழுத்துக் கோப்பாக எடுக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே உறுப்பினர்கள் பணம் கொடுக்க வேண்டும்.