தோலைப் பார்க்கப் பழக்குகிறவர்

யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குகிற கைகளைப் பாருங்கள். விரலிடுக்கில் வெடிப்பு, முழங்கையில் படர்தாமரை. வைத்தியம், பாமசியில் வாங்கிய ஸ்டீரொயிட் கிறீம். கடி இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சணம் அடங்காது, வட்டத்தின் ஓரம் மங்கிப் பரவும். பிறகு பார்க்கிற டொக்டரே தடுமாறுவார். தடுமாறாத கண்ணை உருவாக்குவதுதான் தோல் வைத்தியப் பேராசிரியரின் தொழில். மாணவர் புரட்டும் வெளிநாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். அங்கே சிவக்கிற அழற்சி எங்கள் கறுத்த தோலில் ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும். இதை நோயாளிக்குப் பக்கத்தில் நின்றுதான் காட்டலாம். வெளிறிய தேமலைப் பஞ்சால் தொட்டு உணர்ச்சி பார்க்கப் பழகாதவர் தொழுநோயைத் தவறவிடுவார். அதுவோ 6 அல்லது 12 மாத இலவச மருந்தில் மாறுகிற நோய். மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாப் புண் பெரும்பாலும் நோகாது. ஆகவே பலர் கொண்டுவந்து காட்டுவதுமில்லை. படிப்பிப்பது இங்கே புதிதல்ல: அயலூரான மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் 1848இலேயே மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார், பின்னர் தமிழிலும். நாங்களோ தோல் நிபுணரை முகம் வெளுக்கத் தேடுகிறோம், காசும் அங்கேதான். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறவர்கள் கிளினிக்கில் படிப்பித்த மணித்தியாலங்களையும் எண்ணட்டும்.