நம்ம மட்டையை நாமே செய்வோமே!



தென்னை ஓலையின் தண்டுக்குத் தமிழில் என்ன பெயர்? மட்டை. கிரிக்கெட் பேட்டுக்கு? அதுவும் மட்டைதான்! சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் வளர்ந்த நம்மில் பலருக்கு முதல் பேட், தோட்டத்தில் விழுந்த தென்னை மட்டையை அரிவாளால் செதுக்கியதுதானே? ஆறாம் வகுப்பில் தன் பேட்டைத் தானே செய்துகொண்டவன், டிப்ளமோ சேர்ந்த பிறகு ஸ்போர்ட்ஸ் கடையில் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்புகிறான். படிக்கப் படிக்க நம் கைக்கு வேலை மறந்துபோவது ஏன்? இதுதான் என் கேள்வி.

முதலாண்டு ஒர்க் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். கார்பென்டரியில் ஹாஃப் லேப் போட்டோம், டவ்டெயில் போட்டோம். மார்க் விழுந்ததும் அந்த ஜாயின்ட் எங்கே போச்சு? மூலையில் கிடக்கும் குப்பைக் குவியலுக்கு! யாருக்கும் பயன்படாத ஒன்றைச் செய்யச் சொன்னால், "மார்க் வந்தா போதும் மச்சி" என்றுதான் தோன்றும். அதற்குப் பதிலாக ஒரு பேட் செய்யச் சொல்லட்டுமே!

"பேட்டுல என்னப்பா இன்ஜினியரிங்?" என்று கேட்காதீர்கள். நீளம் 38 அங்குலத்தையும், அகலம் நாலேகால் அங்குலத்தையும் தாண்டக் கூடாது என்பது கிரிக்கெட் சட்டம். 1979-ல் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு வந்து ரகளையான பிறகு, அடிக்கும் பகுதி மரமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. காஷ்மீரில் வில்லோ மரத்தில் செய்கிறார்கள். ஏன் வில்லோ? எடை குறைவு, அடியும் தாங்கும். அதே அளவில் தேக்கில் செய்தால் சுமார் ஒன்றரை மடங்கு கனக்கும்! பிரம்புக் கைப்பிடியை 'வி' வடிவ வெட்டில் செருகி ஒட்டுகிறார்கள். ஒட்டும் பரப்பு அதிகம், பிடிப்பும் அதிகம். இதில் மெட்டீரியல்ஸ் இருக்கிறது, மெக்கானிக்ஸ் இருக்கிறது, டிராயிங்கும் இருக்கிறது.

நமக்கு வில்லோ வேண்டாம். டென்னிஸ் பந்துக்குப் பேக்கிங் பெட்டியின் பைன் மரமே போதும். நன்றாகக் காய்ந்த, முடிச்சு இல்லாத பலகையாகப் பாருங்கள். ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். பலகை மெல்லிசா இருந்தால் இரண்டை ஃபெவிகால் போட்டு ஒட்டி, கிளாம்பில் ஒரு நாள் இறுக்கி வையுங்கள். கைப்பிடியையும் சேர்த்து ஒரே துண்டாக வரைந்து அறுத்து, இழைப்புளியும் அரமும் போட்டு, கடைசியில் உப்புத்தாள் தேயுங்கள். தனிக் கைப்பிடியை ஆணி அடித்துச் சேர்க்கவே கூடாது. ஆணி மரத்தைப் பிளக்கும். வீசும் வேகத்தில் மட்டை கழன்று பறந்தால் அடி விக்கெட் கீப்பருக்குத்தான்! கார்க் பந்துக்கும் லெதர் பந்துக்கும் இந்த மட்டை ஆகாது.

அமெரிக்காவில் பேஸ்பால் மட்டையை லேத்தில் கடைகிறார்கள். 1884-ல் லூயிவில் நகரில், அப்பாவின் மரப்பட்டறையில் வேலை பார்த்த பட் ஹில்லரிக் என்ற நம் வயதுப் பையன், பீட் பிரவுனிங் என்ற ஆட்டக்காரருக்கு ஒரு மட்டை கடைந்து கொடுத்தானாம். உலகப் புகழ் பெற்ற 'லூயிவில் ஸ்லக்கர்' மட்டையின் கதை அங்கேதான் தொடங்கியது என்பார்கள்.

"இதெல்லாம் ஆசாரி வேலைடா, நாம டிப்ளமோ ஹோல்டர்" என்று சிலர் சொல்லக்கூடும். அந்த எண்ணம்தான் நம் நோய்! உளி பிடித்தவனைக் கீழாகப் பார்க்கும் கண், நாளை ஷாப் ஃப்ளோரில் தொழிலாளியையும் அப்படித்தான் பார்க்கும். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஆசாரிக்குக் கை சொல்லும். நமக்குப் புத்தகம் சொல்கிறது. கை இன்னும் சொல்லவில்லை.

ஆகவே சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு துறைகளுக்கிடையிலான டென்னிஸ் பால் போட்டியில், மாணவர்கள் செய்த மட்டை மட்டுமே அனுமதி என்று அறிவியுங்கள். சிக்ஸர் அடித்தவனுக்குக் கோப்பை இருக்கட்டும்; நல்ல மட்டை செய்தவனுக்கும் ஒரு கோப்பை கொடுங்கள். மட்டை உடைந்தால்? ஏன் உடைந்தது என்று பார்ப்போம், அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்வோம். படிப்பு என்பது அதுதானே நண்பர்களே!