மரித்தவனைத் தூக்கிலிட்டவர்கள்



2024 டிசம்பரில் சிரியாவில் அசாத்தின் ஆட்சி கவிழ்ந்தபோது, அவருடைய தகப்பன் ஹாஃபிஸ் அல் அசாத்தின் கல்லறைக்குத் தீ வைத்தார்கள். அவர் மரித்ததோ 2000-ஆம் ஆண்டில். இப்படிப்பட்ட காட்சிகளுக்கு "தேவ நீதி" என்று தலைப்பிட்டு விசுவாசிகளே பகிர்ந்து மகிழ்வதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பிணத்தைத் தண்டிப்பதற்கு தேவனுடைய பெயரைச் சூட்ட நமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

தூரதேசத்துக் கதை என்று தள்ளிவிடாதிருங்கள். நம்முடைய சபைச் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. மயிலாடியில் ரிங்கல்தௌபே ஐயர் 1809-இல் ஆலயம் எழுப்பியதை அறிவீர்கள். அதற்கு முன் அனுமதி மறுத்தவர் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்தவர் அவர். 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து ஆங்கிலேயருக்கு எதிராக அவர் விடுத்த அறிக்கையில், கிறிஸ்தவ மார்க்கத்தைக் குறித்து ஜனங்களை அச்சுறுத்தும் வார்த்தைகளும் இருந்தன. சிறைப்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்கள் அந்தக் கலகத்தில் கொல்லப்பட்டார்கள். அவரை நீதிமானாக்க நான் எழுதவில்லை.

கலகம் தோற்றது. அரசரும் அவரைக் கைவிட்டார். திவான் பதவி வேறொருவருக்குப் போயிற்று. மண்ணடி கோவிலில் ஒளிந்திருந்த வேலுத்தம்பி, பிடிபடுமுன் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய சடலத்தைத் திருவனந்தபுரத்திற்குக் கொண்டுபோய், கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். தலக்குளத்து வீட்டையும் இடித்துத் தள்ளினார்கள்.

அப்பொழுது அங்கே ரெசிடெண்டாக அதிகாரம் செலுத்தியவர் கர்னல் மெக்காலே. ஆலயத்திற்கு வழி திறந்தவர் என்று நாம் நன்றியோடு நினைவுகூரும் அதே மெக்காலேதான்; அடிமை வியாபாரத்தை எதிர்த்த சக்கரி மெக்காலேயின் சகோதரர். இச்செயலைக் கடிந்துகொண்டவர் ஒரு போதகர் அல்ல, கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு. ஆள் இறந்தபின்னும் பழிதீர்ப்பது மனிதத்தன்மைக்கு விரோதம் என்று அவர் எழுதினார். மிஷனெரிகள் சொல்லியிருக்க வேண்டியதை ஓர் அரசியல்வாதி சொன்னார்!

"யோசியா ராஜா எலும்புகளைச் சுட்டெரிக்கவில்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். சுட்டெரித்தான், 2 இராஜாக்கள் 23-ஐ முழுவதும் வாசியுங்கள். அவன் நோக்கம் பெத்தேலின் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்துவது. அங்கேயும் தேவனுடைய மனுஷனின் கல்லறையைத் தொடவிடவில்லை. அதைக் கொண்டு பொதுச்சட்டம் செய்யாதிருங்கள். சட்டம் உபாகமம் 21-இல் இருக்கிறது: தூக்கப்பட்டவனின் பிரேதம் இரவு முழுவதும் மரத்தில் இருக்கலாகாது. யுத்தத்தில் ஜெயித்த யோசுவா, ஆயியின் ராஜாவுடைய உடலைச் சூரியன் அஸ்தமிக்கையில் இறக்கச் சொன்னான். பகைவனுடைய ராஜாவுக்குத்தான் அந்தச் சலுகை.

இதைவிடக் கடினமான வசனம் ஆமோஸ் 2:1. மோவாபை தேவன் எதற்காகத் தண்டிக்கிறார்? இஸ்ரவேலுக்குச் செய்த தீங்குக்காக அல்ல; ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டதற்காக. ஏதோமோ இஸ்ரவேலின் பரம்பரைப் பகைவன். அவனுடைய செத்த ராஜாவுக்காக வழக்காடுகிறவர் இஸ்ரவேலின் தேவன்! பீங்கான் சூளைகளின் ஊராகிய விருத்தாசலத்தில் வாழும் உங்களுக்கு, எலும்பு நீறாவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அது ஒரு நொடிக் கோபத்தில் நடக்கிற காரியம் அல்ல. விறகு சேர்க்க வேண்டும், நெருப்பைக் காத்திருந்து வளர்க்க வேண்டும்.

வேலுத்தம்பியைத் தொங்கவிட்ட கண்ணம்மூலையில் இன்று ஓர் இறையியல் கல்லூரி நிற்கிறது; போதகர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். மயிலாடி ஆலயத்தின் கதையை இனி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, திவானின் முடிவைக் "கர்த்தர் வழி திறந்தார்" என்ற ஒரே வரியில் கடந்துபோகாதிருங்கள். அந்தத் தூக்குமரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.