துருவும் ஆமணக்கும்

சேலத்துக் கஞ்சமலையின் இரும்பைப் பற்றிப் பெருமை பேசாத தமிழர் இலர். அவ்விரும்பைத் தின்னும் துருவைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரரையும், திருச்செங்கோட்டு ரிக் லாரி முதலாளியையும் கேட்டால் அந்த நஷ்டத்தின் கனம் விளங்கும். புது வர்ணத்தின்மீது கல் தெறித்துச் சிறு கீறல் விழுந்தால் போதும். காற்றும் ஈரமும் அவ்வழியே புகுந்து, வர்ணத்தின் அடியிலேயே தகட்டை அரித்துச் செல்கின்றன. மேலே பளபளப்பு, உள்ளே பொடி!

சேலம் உருக்காலையில் தயாராகும் எவர்சில்வர் தகட்டுக்கு இக்கேடு அரிது. அதில் கலந்துள்ள குரோமியம், காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிகிறது. கீறினாலும் அப்படலம் தானே மீண்டும் உண்டாகிறது. ஆனால் எவர்சில்வரால் லாரிக் கூண்டு கட்ட எவருக்குக் கட்டுபடியாகும்? சாதாரண உருக்குக்கு இல்லாத அந்தக் குணத்தை, அதன்மேல் பூசும் வர்ணத்துக்கேனும் ஊட்ட முடியுமா என்பதே கேள்வி.

முடியும் என்கிறது விஞ்ஞானம். நுண்ணிய உறைகளில் மருந்தை அடைத்துப் பொருளுக்குள் பொதித்து வைத்தால், விரிசல் உறையை உடைக்க, மருந்து கசிந்து புண்ணை ஆற்றும் என்பதை 2001-இல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையார் காட்டினர். பின்னர் ஆளிவிதை எண்ணெயையே உறையிலிட்டு வர்ணத்தில் கலந்து பலர் பரீட்சித்துள்ளனர். காற்றுப் பட்டதும் இறுகிப் படலமாவது அவ்வெண்ணெயின் இயல்பு.

நமது ஜில்லாக்களில் விளைவது ஆமணக்கு. அதன் எண்ணெய் தானாகக் காய்வதில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். எனினும், தகுந்த ஊக்கியுடன் சூடேற்றி அதிலிருந்து நீர்க்கூறை நீக்கினால், அதுவும் காயும் எண்ணெயாக மாறுகிறது. வர்ணத் தொழிலில் இது பழகிய முறை. ஆமணக்கெண்ணெய் ஏற்றுமதியில் உலகில் முதலிடம் நமது தேசத்துக்கே. அப்படியிருந்தும், எண்ணெயை எண்ணெயாகவே பெருமளவில் கப்பலேற்றிவிட்டு, அதிலிருந்து பிறர் செய்யும் உயர்ந்த சரக்கை விலைகொடுத்து வாங்குவது எந்தக் கணக்கில் லாபம்?

இம்முறையில் குறைகளும் உண்டு. ஒருமுறை உடைந்த உறை மறுமுறை உதவாது. ஆழ்ந்த வெட்டை அது மூடாது. தெருவில் விற்கும் சர்வரோக நிவாரணியைப் போல இதைப் புகழ நாம் தயாரில்லை. ஆயினும், துரு தொடங்கும் இடம் பெரும்பாலும் நுண்ணிய கீறலே என்பதை மறத்தலாகாது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்ததால் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே ஒரு பகுதியை உடையது. சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் தனி ஆராய்ச்சி நிலையம் உண்டு. நாமக்கல்லிலோ பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சர்க்கார் இம்மூவரையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, ஆமணக்கெண்ணெய்ப் பூச்சிட்ட பத்து லாரிகளையும் சாதாரண வர்ணமிட்ட பத்து லாரிகளையும் இரண்டு மழைக்காலம் ஓடவிட்டு, முடிவைப் பட்டறைக்காரர் படிக்கும் தமிழில் வெளியிட வேண்டும். வருகிற வரவுசெலவுத் திட்டத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்குமாறு கோருகிறோம்.