மதிப்பெண்ணும் மதிப்புரையும்

பிள்ளைகள் வீடியோ கேம் என்று சொல்லும் காணொளி விளையாட்டு மலிவான பொருளன்று. பெரிய நிறுவனம் ஒன்று வெளியிடும் புதிய விளையாட்டின் விலை இந்தியாவில் நாலாயிரம் ரூபாயைத் தாண்டுவதுண்டு. துணிக்கடையில் தொட்டுப் பார்த்து வாங்குவது போல இதனை வாங்க இயலாது. பணம் செலுத்திப் பதிவிறக்கிச் சில மணி நேரம் ஆடிய பின்னரே இதன் தரம் விளங்கும். ஆகவே, தமக்கு முன்பே ஆடிப் பார்த்த ஒருவரின் சொல்லை ஆட்டக்காரர்கள் நாடுகின்றனர். அச்சொல்லே மதிப்புரை. அதனை எழுதியவர் எந்தக் கருவியில் ஆடினார், விளையாட்டு அவருக்கு எவ்வாறு கிடைத்தது, அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது ஆகிய மூன்றும் தெரிந்த அளவுக்கே அதனை நம்பலாம். பத்துக்கு ஒன்பது என்னும் எண்ணை மட்டும் கண்டு நம்புவது தகாது.

போலந்து நாட்டின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டை வெளியிட்டது. உலகெங்கும் ஆவலோடு எதிர்பார்க்கப்பட்ட விளையாட்டு அது. வெளியீட்டுக்கு முன்னர் மதிப்புரையாளர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே வழங்கப்பட்டது. தாங்கள் ஆடியபோது பதிவு செய்த காட்சிகளைக் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. நிறுவனம் தந்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது. ஆற்றல் மிக்க கணினிகளில் ஆடிய அவர்களுள் பெரும்பாலோர் புகழ்ந்து எழுதினர். ஆனால், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கருவிகளுக்காக வாங்கியோர் கண்டது வேறு. காட்சிகள் மங்கின, ஆட்டம் இடையிடையே நின்றுபோயிற்று. ஒரு வாரத்திற்குள் சோனி நிறுவனம் தன் கடையிலிருந்து அவ்விளையாட்டை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மறுபடி அது அங்கு விற்பனைக்கு வந்தது 2021 ஜூன் மாதத்தில்தான்.

மதிப்புரையாளர்கள் பொய் எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. கண்டதைத்தான் எழுதினார்கள். தமக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே தரப்பட்டது என்பதைச் சிலர் வெளிப்படையாகக் குறிப்பிடவும் செய்தனர். வாங்குவோருக்கு மிகவும் பயன்பட்டிருக்க வேண்டிய வரி அதுவே. ஆனால், மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அத்தகைய வரி படுவதில்லை.

மதிப்பெண் என்பதும் இத்துறையில் விந்தையானது. பள்ளியில் நூற்றுக்கு அறுபது பெற்ற மாணவர் தேர்ச்சி பெறுகிறார். விளையாட்டு உலகிலோ பத்துக்கு ஆறு ஏறக்குறையத் தோல்வியாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவின் கேம்ஸ்பாட் என்னும் இணைய இதழில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் மூத்த மதிப்புரையாளராக இருந்தார். 2007 நவம்பரில் 'கேன் அண்டு லிஞ்ச்: டெட் மென்' என்னும் விளையாட்டுக்கு அவர் பத்துக்கு ஆறு வழங்கினார். அப்போது அவ்விதழில் அதே விளையாட்டின் விளம்பரம் பெரிதாக இடம்பெற்றிருந்தது. அம்மாதமே கெர்ஸ்ட்மன் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருடன் பணியாற்றிய சிலரும் பின்னர் விலகிச் சென்றனர். நடந்ததைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேச 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குறைந்த மதிப்பெண்களால் விளம்பரம் தருவோரிடமிருந்து எழுந்த நெருக்குதலை அவர் அப்போது விவரித்தார். மதிப்புரையாளர் எல்லாரும் விலைபோனவர்கள் என்று பேசுவோர், நேர்மையாக எழுதி வேலையை இழந்த இம்மனிதரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எண்ணின் பிடி விளையாட்டைப் படைப்பவரையும் விடுவதில்லை. 2010இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' விளையாட்டை உருவாக்கியது அப்சிடியன் நிறுவனம். மதிப்புரைகளின் சராசரியைக் கணக்கிடும் மெட்டாகிரிட்டிக்கில் 85 கிடைத்தால் அதற்கு ஊக்கத்தொகை உண்டு என்பது உடன்பாடு. கிடைத்தது 84. இச்செய்தியை அதன் வடிவமைப்பாளர்களுள் ஒருவரான கிறிஸ் அவெலோன் 2012இல் வெளியிட்டார்.

இதழ்கள் வேண்டாம், காணொளி வெளியிடும் ஆட்டக்காரர்களையே நம்பலாம் என்பார் உளர். அவர்கள் 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' விளையாட்டின் கதையை அறிய வேண்டும். 2014இல் அதனைப் புகழ்ந்து பேசுவதற்காக யூடியூப் புகழாளர் பலருக்குப் பணம் தரப்பட்டது. குறைகளைக் காட்டலாகாது என்பதும் நிபந்தனை. பணம் பெற்றது பார்ப்போருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் 2016இல் வார்னர் பிரதர்ஸ் மீது நடவடிக்கை எடுத்தது. சரி, பொதுமக்களின் மதிப்பெண்ணையாவது நம்பலாமா? 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் வெளிவந்த நாளிலேயே ஆயிரக்கணக்கானோர் அதற்குச் சுழியம் வழங்கினர். ஆடி முடிக்க இருபது மணி நேரத்திற்கு மேல் ஆகும் விளையாட்டு அது! அதன் பின்னரே, வெளியீட்டுக்குப் பின் 36 மணி நேரம் கழித்தே பொதுமக்கள் மதிப்பிடலாம் என மெட்டாகிரிட்டிக் விதி வகுத்தது.

இந்தியாவிலும் இதற்கு விதிகள் உள்ளன. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதனை மறைக்கக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. காணொளியாயின், கீழுள்ள குறிப்பில் எழுதினால் போதாது; காணொளிக்குள்ளேயே எழுத்திலும் குரலிலும் தெரிவிக்க வேண்டும். இவ்விதியை அறிந்த மாணவர், தாம் விரும்பிப் பார்க்கும் காணொளியில் அவ்வறிவிப்பு உண்டா எனத் தேடிப் பார்க்க முடியும்.

ஒரே மதிப்புரையாளரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து வாசிப்பதிலும் நன்மை உண்டு. அவர் சுவை பிடிபட்டுவிட்டால், அவர் வெறுத்ததும் வாசகருக்கு ஏற்றதாக இருக்கக்கூடும் என்பது விளங்கும். அவசரம் இல்லாதவர் வெளியீட்டுக்குப் பின் ஒரு வாரம் பொறுக்கலாம். வாங்கியோர் தம் சொந்தக் கருவிகளில் ஆடிய செய்தி அதற்குள் வந்துவிடும். ஸ்டீம் என்னும் இணையக் கடையில் 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால், விளையாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டுப் பெறலாம். எல்லாக் கடைகளிலும் இவ்வசதி இல்லை. ஆகவே, பணம் செலுத்தும் முன்பே அதனைக் கேட்டறிய வேண்டும்.